இரண்டு ஆண்டு நர்சிங் பட்டம்: அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் செலவும் வருமானமும்

2025 நவம்பரில் ஒரு செய்தி சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியது. ‘நர்சிங் இனி தொழில்முறைப் பட்டம் இல்லை என்று அமெரிக்க அரசு சொல்லிவிட்டது’ என்பது அதன் சுருக்கம். கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேர நினைத்திருந்த பலரை அது குழப்பிவிட்டது. உரிமம் செல்லாமல் போய்விடுமா, கடன் கிடைக்காதா, படித்துப் பயன் உண்டா என்று கேள்விகள் கிளம்பின.

முதலில் அதை ஒதுக்கி வைத்துவிடலாம். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம், முதுநிலைப் படிப்புகளுக்கு மத்திய அரசு தரும் கல்விக் கடனுக்கு உச்சவரம்பு வைத்தது. 2026 ஜூலை 1 முதல் சாதாரண முதுநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1 லட்சம் டாலர். மருத்துவம், சட்டம் போன்ற ‘தொழில்முறைப்’ படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம். கல்வித் துறை வகுத்த இந்த இரண்டாவது பட்டியலில் நர்சிங் இடம்பெறவில்லை. நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகவோ மயக்க மருந்து நர்ஸ் ஆகவோ முதுநிலை படிப்பவர்களுக்கு இது பெரிய அடி. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கம்யூனிட்டி காலேஜின் இரண்டு ஆண்டுப் பட்டம் முதுநிலைப் படிப்பே அல்ல. இந்த வரம்பு அதைத் தொடவில்லை. நர்ஸ் உரிமத்தையும் தொடவில்லை.

அந்தப் பட்டம் கணக்குப் பார்த்தால் லாபமா என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. பலரும் கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்தப் படிப்பில் கட்டணம் சிறிய தொகை. பெரிய தொகை, சம்பளம் இல்லாமல் கழியும் மாதங்கள்.

அடிப்படைச் சொற்கள்

1. கம்யூனிட்டி காலேஜ்: மாநிலமும் உள்ளூர் மாவட்டமும் வரிப்பணத்தில் நடத்தும் இரண்டு ஆண்டுக் கல்லூரி. தமிழ்நாட்டில் ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரில் இருப்பவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது முழு அளவிலான அரசுக் கல்லூரி.

2. ஏ.டி.என்.: நர்சிங்கில் ‘அசோசியேட்’ எனப்படும் இரண்டு ஆண்டுப் பட்டம். கம்யூனிட்டி காலேஜ் தருவது இதுதான்.

3. பி.எஸ்.என்.: நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம். நம் ஊர் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நிகரானது.

4. ஆர்.என்.: பதிவு பெற்ற நர்ஸ். இது பட்டம் அல்ல, மாநில அரசு தரும் உரிமம். ஏ.டி.என். முடித்தவரும் பி.எஸ்.என். முடித்தவரும் பெறுவது இதே உரிமத்தைத்தான்.

5. என்கிளெக்ஸ்: அந்த உரிமத்துக்கான தேர்வு. கணினியில் எழுத வேண்டும். எழுதுபவரின் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். 85 முதல் 150 கேள்விகள் வரை வரலாம். கட்டணம் 200 டாலர்.

6. எல்.பி.என்., சி.என்.ஏ.: ஆர்.என்.னுக்குக் கீழே உள்ள இரண்டு படிகள். எல்.பி.என். ஏறக்குறைய ஓர் ஆண்டுப் பயிற்சி. சி.என்.ஏ. சில வாரப் பயிற்சி. நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது போன்ற உதவியாளர் வேலை.

ஒரே உரிமத்துக்கு இரண்டு பட்டங்கள் ஏன்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. அப்போது பெரும்பாலான நர்ஸ்கள் மருத்துவமனைகளே நடத்திய மூன்றாண்டு டிப்ளமோ பள்ளிகளில் இருந்து வந்தார்கள். இரண்டே ஆண்டில், கல்லூரிக்குள்ளேயே ஒருவரைப் பயிற்றுவிக்க முடியும் என்ற திட்டத்தைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் மில்ட்ரெட் மான்டாக் 1951இல் தன் ஆய்வேட்டில் முன்வைத்தார். 1952இல் ஏழு கல்லூரிகளில் சோதனை தொடங்கியது. அவர் மனதில் இருந்தது ‘தொழில்நுட்ப நர்ஸ்’ என்ற தனி நிலை. ஆனால் பட்டம் பெற்றவர்கள் வழக்கமான உரிமத் தேர்வையே எழுதித் தேறினார்கள், தனி உரிமம் வரவே இல்லை.

இதில் சண்டை ஓயவும் இல்லை. இளநிலைப் பட்டமே நுழைவுத் தகுதியாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1965இல் அறிக்கை விட்டது. வடக்கு டகோட்டா மாநிலம் மட்டும் 1987இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, 2003இல் கைவிட்டது. அறுபது ஆண்டுகளாக ‘ஏ.டி.என். சீக்கிரம் செல்லாமல் போய்விடும்’ என்ற பேச்சு இருந்துகொண்டே இருக்கிறது. படிப்பும் இருந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பயத்தில் முடிவெடுக்கத் தேவையில்லை.

கட்டணம்

காலேஜ் போர்டு அமைப்பின் 2024-25 கணக்குப்படி, உள்ளூர் மாணவருக்குக் கம்யூனிட்டி காலேஜின் சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு 4,050 டாலர். மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது 11,610. லாப நோக்கற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் 43,350. கலிபோர்னியாவில் இன்னும் மலிவு: பாட அளவைக் கணக்கிடும் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். நர்சிங் வகுப்புக்கு முன் முடிக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களையும் சேர்த்து 75 யூனிட் என்று வைத்தாலும் மொத்தப் படிப்புக்கும் 3,450 டாலர்தான்.

‘உள்ளூர் மாணவர்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாநிலத்தில் வசிப்பவர் என்ற தகுதி இல்லாவிட்டால் கட்டணம் பல மடங்காகும்.

வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகை உண்டு. உச்ச அளவு ஆண்டுக்கு 7,395 டாலர். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. சராசரிக் கட்டணத்தைவிட இது அதிகம் என்பதால், முழுத் தொகையும் பெறுபவருக்குப் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும்கூடக் கொஞ்சம் மிஞ்சும்.

கல்லூரி விளம்பரத்தில் தெரியாத செலவுகள் சில: சீருடை, ஸ்டெதஸ்கோப், தடுப்பூசிகள், குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, நுழைவுத் தேர்வு, தேர்வுப் பயிற்சி மென்பொருள், என்கிளெக்ஸ், மாநில உரிமக் கட்டணம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,000 டாலர் என்று இந்தக் கட்டுரையில் வைத்துக்கொள்கிறேன். அப்புறம் ஒரு கார். மருத்துவமனைப் பயிற்சி காலை ஏழு மணிக்குத் தொடங்கும், மருத்துவமனை நகரின் மறுகோடியில் இருக்கும். பஸ்ஸை நம்பி இதை முடிப்பது பெரும்பாலான ஊர்களில் கடினம்.

சம்பளம்: 93,600 என்பதன் உள்ளே

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 2024 மே மாதத்துக்குத் தரும் ஆர்.என். இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 93,600 டாலர். பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் கீழ். கடைசிப் பத்து சதவீதத்தினர் 66,030க்குக் குறைவாகவும், மேல் பத்து சதவீதத்தினர் 135,320க்கு அதிகமாகவும் பெறுகிறார்கள்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் மூன்று பிழைகள் நேரும்.

1. இது அனுபவசாலிகளையும் சேர்த்த எண். இருபது ஆண்டு வேலை பார்த்தவரும் இதில் இருக்கிறார். புதிதாகச் சேர்பவர் 66,030க்கு அருகில் தொடங்குவார் என்று வைப்பதே பாதுகாப்பு.

2. ஆண்டுச் சம்பளம் என்பது மணிக்கூலியை 2,080 மணி நேரத்தால், அதாவது வாரம் 40 மணி நேரத்தால், பெருக்கி வருவது. 93,600 என்பது மணிக்கு 45 டாலர். ஆனால் மருத்துவமனை நர்ஸ்கள் பலருக்கு முழுநேர வேலை என்பது வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 12 மணி நேரம். வாரம் 36 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 1,872 மணி நேரம். அதே 45 டாலர் இப்போது 84,240 ஆகிறது. 66,030 என்பது ஏறக்குறைய 59,400 ஆகிறது. இரவுப் பணிக்கும் வார இறுதிக்கும் கூடுதல் தொகை உண்டு, அது வேறு கணக்கு.

3. மாநிலத்துக்கு மாநிலம் பெரிய வேறுபாடு. 2023 மே நிலவரப்படி கலிபோர்னியாவில் ஆர்.என். சராசரி 137,690 டாலர். தெற்கு டகோட்டாவில் 69,000ஐ ஒட்டி. கலிபோர்னியாவின் வீட்டு வாடகை இந்த இடைவெளியில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும், முழுவதையும் அல்ல.

இனி வரும் கணக்குகளுக்குப் புதிய நர்ஸின் ஆண்டு வருமானத்தை 60,000 டாலர் என்று குறைத்தே வைக்கிறேன். அதாவது மாதம் 5,000. ஒரு மாதச் சம்பளம், கம்யூனிட்டி காலேஜின் ஓராண்டுக் கட்டணத்தைவிட அதிகம். வரி பிடித்தம் போனாலும் ஏறக்குறைய சமமாக வரும்.

மாதங்களின் விலை

‘இரண்டு ஆண்டுப் பட்டம்’ என்ற பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. நர்சிங் வகுப்பில் நுழைவதற்கு முன் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், ஆங்கிலம், உளவியல் போன்ற முன்தேவைப் பாடங்களை முடிக்க வேண்டும். இதற்கு ஓர் ஆண்டு. ஆக, நடைமுறையில் இது மூன்று ஆண்டுப் படிப்பு. அதற்கும் மேலே, இடம் கிடைப்பதே ஒரு சிக்கல். நர்சிங் ஆசிரியர்களும் பயிற்சிக்கான மருத்துவமனை இடங்களும் போதாததால், விண்ணப்பிப்போருக்கு எல்லாம் இடம் இருப்பதில்லை. சில கல்லூரிகள் காத்திருப்போர் பட்டியல் வைக்கின்றன, சில குலுக்கல் போடுகின்றன, சில மதிப்பெண் புள்ளி முறையில் எடுக்கின்றன.

இப்போது பள்ளி முடித்த ஒருவரின் இரண்டு வழிகளை ஒப்பிடுவோம். குடியிருப்பு, சாப்பாட்டுச் செலவு இரண்டுக்கும் ஒன்றே என்று வைக்கலாம்.

1. கம்யூனிட்டி காலேஜ், மூன்று ஆண்டுகள்: கட்டணமும் இதர செலவும் ஏறக்குறைய 15,000 டாலர்.

2. மாநிலப் பல்கலைக்கழகம், நான்கு ஆண்டுகள்: ஏறக்குறைய 50,000 டாலர்.

3. காத்திருப்பு இல்லை என்றால்: முதல் வழிக்காரர் 35,000 மிச்சப்படுத்துகிறார், ஓர் ஆண்டு முன்னதாக வேலைக்குப் போய் 60,000 சம்பாதிக்கிறார். மொத்தம் 95,000 டாலர் முன்னே நிற்கிறார்.

4. ஓர் ஆண்டு சும்மா காத்திருந்தால்: இருவரும் ஒரே சமயத்தில் வேலைக்கு வருகிறார்கள். முன்னிலை 35,000 ஆகக் குறைகிறது.

5. இரண்டு ஆண்டு சும்மா காத்திருந்தால்: 25,000 டாலர் பின்னே. மலிவான கல்லூரி விலையுயர்ந்த கல்லூரி ஆகிவிட்டது.

6. அதே இரண்டு ஆண்டும் சி.என்.ஏ. வேலை பார்த்துக்கொண்டே காத்திருந்தால்: சி.என்.ஏ.வின் இடைநிலைச் சம்பளம் ஏறக்குறைய 39,500. இரண்டு ஆண்டில் 79,000. இப்போது 54,000 டாலர் முன்னே.

ஐந்தாவது, ஆறாவது வரிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். கல்லூரி மாறவில்லை, கட்டணம் மாறவில்லை, காத்திருப்பும் மாறவில்லை. ஏறக்குறைய 80,000 டாலர் வேறுபாடு. சி.என்.ஏ. வேலை முதுகை ஒடிக்கும் வேலைதான். ஆனாலும் அது காத்திருப்பின் செலவை அடைக்கிறது. புள்ளி முறை வைத்திருக்கும் பல கல்லூரிகளில் அந்த அனுபவத்துக்குப் புள்ளியும் உண்டு. எல்லாவற்றையும்விட, இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதை மூன்று ஆண்டும் பணமும் போன பிறகு அல்லாமல் மூன்றே மாதத்தில் காட்டிவிடும். சேரும் முன் ஒரே ஒரு யோசனை சொல்ல வேண்டும் என்றால் இதையே சொல்வேன்.

நடுவயதில் வேலை மாறுபவருக்குக் கணக்கு வேறு. ஆண்டுக்கு 40,000 டாலர் வேலையில் இருப்பவர் அதை விட்டுவிட்டு மூன்று ஆண்டு முழுநேரம் படித்தால், போன சம்பளம் 120,000, படிப்புச் செலவு 15,000. மொத்தம் 135,000. நர்ஸ் ஆன பிறகு முன்பைவிட ஆண்டுக்கு 20,000 கூடுதல் என்றால், போட்டதை எடுக்க ஆறே முக்கால் ஆண்டு ஆகும். முன்தேவைப் பாடங்களை வேலையில் இருந்துகொண்டே மாலையிலும் இணையவழியிலும் முடித்தால், இழப்பது இரண்டு ஆண்டுச் சம்பளம் மட்டுமே. மொத்தம் 95,000, நான்கே முக்கால் ஆண்டில் மீண்டுவிடலாம். சம்பள உயர்வு, இரவுப் படி வந்தால் இன்னும் சுருங்கும். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இது நல்ல முதலீடு. ஐம்பத்தைந்தில் இருப்பவர் தன் முழங்கால்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 12 மணி நேரப் பணியில் பெரும்பகுதி நின்றும் நடந்தும் கழிகிறது.

காத்திருப்பே இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் லாப நோக்குத் தனியார் கல்லூரிகள் இந்த இடத்தில்தான் வியாபாரம் செய்கின்றன. ‘ஓர் ஆண்டு முன்னதாக வேலை’ என்ற அவர்களின் வாதம் எண்ணளவில் பொய் அல்ல. ஆனால் பல மடங்கு கட்டணம், அதற்குக் கடன், வேறு கல்லூரி ஏற்காத பாடங்கள் என்று மறுபக்கம் கனமாக இருக்கிறது. அங்கீகாரம் பார்க்காமல் சேரவே கூடாது. 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் மூன்று தனியார் நர்சிங் பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றது அம்பலமானது. அவற்றை வைத்து உரிமம் பெற்றவர்கள் மீது பல மாநிலங்கள் நடவடிக்கை எடுத்தன.

பி.எஸ்.என். எங்கே குறுக்கே வரும்?

உரிமம் ஒன்றுதான். புதிய நர்ஸாக வார்டில் நிற்கும்போது மணிக்கூலியிலும் பெரும்பாலும் அதிக வேறுபாடு இருக்காது. வேறுபாடு, வேலைக்கு எடுப்பதிலும் மேலே ஏறுவதிலும் இருக்கிறது.

நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐகெனின் குழு பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு இதில் முக்கியமானது. இளநிலைப் பட்டம் உள்ள நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடும் இடத்தில், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே ஒழிய, பட்டம் மட்டுமே காரணம் என்று நிரூபிக்கவில்லை. 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் இளநிலைப் பட்டதாரிகளாக வேண்டும் என்று 2010இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற ஆலோசனை அமைப்பு பரிந்துரைத்தது. ‘மேக்னெட்’ என்ற நர்சிங் தரச் சான்று பெற்ற மருத்துவமனைகளில் நர்ஸ் மேலாளர்களுக்கு இந்தப் பட்டம் கட்டாயம். நியூயார்க்கில் 2017 டிசம்பரில் கையெழுத்தான சட்டப்படி, புதிதாக உரிமம் பெறுபவர் பத்து ஆண்டுக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும்; அப்போதே உரிமம் வைத்திருந்தவர்களுக்கும் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் விலக்கு.

நடைமுறை விளைவு: பெருநகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் ஏ.டி.என். மட்டும் வைத்திருக்கும் புதியவருக்குக் கதவு சற்றே மூடியிருக்கும். சிற்றூர் மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு இல்லம், டயாலிசிஸ் மையம் ஆகியவற்றில் திறந்தே இருக்கும். அங்கே ஓர் ஆண்டு அனுபவம் சேர்ந்த பின் பெரிய இடங்களும் கேட்கத் தொடங்கும்.

அதற்குள் ‘ஆர்.என். டு பி.எஸ்.என்.’ படிப்பை இணையவழியில், வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம். மலிவான இடங்களில் மொத்தச் செலவு 10,000 டாலரை ஒட்டி வரும். முதலாளி தரும் படிப்பு உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது, பல மருத்துவமனைகள் அந்த அளவுக்கு ஒட்டியே தருகின்றன. இரண்டு ஆண்டாகப் பிரித்துப் படித்தால் 10,500. ஆக, இரண்டாவது பட்டத்தைக் கிட்டத்தட்ட மருத்துவமனையின் பணத்திலேயே வாங்கிவிடலாம். பதிலுக்குச் சில ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கலாம், படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

விசாவில் இருப்பவர்களுக்கு

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர், எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணையாக எச்-4 விசாவில் இருக்கும் மனைவியரும் கணவர்களும். அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது.

1. எச்-4இல் படிக்கத் தடை இல்லை. பல மாநிலங்களில் உள்ளூர்க் கட்டணமும் கிடைக்கும். பெல் உதவியும் மத்திய அரசுக் கடனும் கிடைக்காது. கிரீன் கார்டு உள்ளவருக்கு இரண்டும் உண்டு.

2. வேலை அனுமதி இல்லாத எச்-4இல் சி.என்.ஏ.வாகக்கூட வேலை பார்க்க முடியாது. எச்-1பி துணையின் கிரீன் கார்டு மனுவான ஐ-140 ஏற்கப்பட்டிருந்தால் அனுமதி கேட்கலாம். அதுவரை உரிமம் கையில் இருந்தும் வருமானம் சுழிதான். அந்த மாதங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

3. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வந்தவருக்குப் படிப்பு முடிந்ததும் 12 மாத வேலை அனுமதி கிடைக்கும். அதன் பின் எச்-1பி கடினம். அந்த விசாவுக்கு, வேலையே இளநிலைப் பட்டம் கேட்பதாக இருக்க வேண்டும், சாதாரண ஆர்.என். வேலை ஏ.டி.என்.னுடன் கிடைப்பதால் அந்த விதிக்குள் வராது. வெளிநாட்டில் இருந்து லட்சங்கள் கட்டி இதற்காக வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

4. இந்தியாவில் ஏற்கெனவே ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் மறுபடி முதலில் இருந்து ஏ.டி.என். சேர வேண்டியதில்லை. மாநில நர்சிங் வாரியத்திடம் சான்றிதழ் மதிப்பீடு செய்து நேராக என்கிளெக்ஸ் எழுதலாம். தேர்வு இந்தியாவிலேயும் நடக்கிறது.

கல்லூரியிடம் கேட்டு வாங்க வேண்டிய எண்கள்

1. நர்சிங் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் உரிய காலத்தில் முடிக்கிறார்கள்? பல கல்லூரிகளில் தேர்ச்சிக்கு 75 சதவீதத்துக்கு மேல் வேண்டும், ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த ஆண்டு இடம் காலியாகும்வரை நிற்க வேண்டும். இரண்டு முறை தவறினால் வெளியே. செலவெல்லாம் போய் உரிமமும் இல்லாத நிலைதான் இந்தப் படிப்பின் உண்மையான ஆபத்து.

2. முதல் முறை என்கிளெக்ஸ் தேர்ச்சி எவ்வளவு, மூன்று ஆண்டுகளுக்கு? நாடு முழுவதற்கும் 2022இல் 80 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2024இல் 91ஐ எட்டியது. ஆகவே ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. மாநில வாரியங்கள் கல்லூரிவாரியாக இதை வெளியிடுகின்றன.

3. போன ஆண்டு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, சராசரிக் காத்திருப்பு எத்தனை மாதம்?

4. அருகில் உள்ள பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.என். படிப்பு இந்தக் கல்லூரியின் பாடங்களை முழுமையாக ஏற்குமா?

5. அறிவியல் முன்தேவைப் பாடங்கள் எத்தனை ஆண்டு செல்லும்? பல கல்லூரிகள் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு மேல் பழையதான மதிப்பெண்களை ஏற்பதில்லை. குழந்தை வளரட்டும் என்று இடைவெளி விட்டவர்கள், வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பாடமாக முடித்தவர்கள், நீண்ட பட்டியலில் காத்திருந்தவர்கள் ஆகியோர் உடற்கூறியலை இரண்டாம் முறை படிக்க நேர்வது இதனால்தான். முதல் பாடத்துக்குப் பணம் கட்டும் முன்பே இந்தத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.